பதினைந்து பேருக்குத் தனி வாசல்

ஏப்ரல் 25, வெள்ளி

ஏழாம் வகுப்பு முடிந்துவிட்டது. நேற்று சமூக அறிவியல் தேர்வில் கடைசிக் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதினேன். அது ஐந்து மதிப்பெண் கேள்விதான். டீச்சர் தாளை இழுத்துக்கொண்டே, "மீதிய லீவுல எழுதி வீட்டுல வச்சுக்கோ" என்றார். அதனால் இதைத் தொடங்குகிறேன். இந்த டைரி அப்பாவுக்கு அலுவலகத்தில் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மின்சாரத்தைச் சேமிக்கச் சொல்கிறது.

சாயங்காலம் மாமா வந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. தென்காசியில் எரிந்த மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஊரில் எந்தக் கிணற்று மோட்டார் எரிந்தாலும் அவருக்கு அன்று மட்டன். கையில் ஒரு வண்ணத் தாள் வைத்திருந்தார். கொல்லத்துக்குப் பக்கத்தில் பம்பரா வேர்ல்டு என்று ஒரு பார்க். நாற்பத்திரண்டு விளையாட்டுகள், செயற்கை அருவி, செயற்கைக் கடல், செயற்கைப் பனி.

"அத்தான், லீவுல எல்லாரும் போவமா? வேன் நான் பாத்துக்கிடுதேன்."

"நான் வரிசையில நிக்க மாட்டேன்" என்றார் அப்பா.

அப்பா மின்கட்டணம் வாங்கும் கவுண்டரில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். வரிசை என்பது கம்பிவலைக்கு அந்தப் பக்கம் மற்றவர்களுக்கு நடப்பது என்பது அவர் கொள்கை. ரேஷனுக்கு அம்மா போவாள். கோயிலில் கூட்டம் என்றால் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்.

மாமா தாளைத் திருப்பிக் காட்டினார். பதினைந்து பேர் கொண்ட குழுவுக்குத் தனி வாசலாம். எங்கேயும் வரிசை கிடையாதாம். அப்பா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

எண்ணிப் பார்த்தோம். அப்பா, அம்மா, நான், ஓசூரில் இருக்கும் அக்கா, அவள் வீட்டுக்காரர்: ஐந்து. மாமா வீட்டில் ஐந்து. ஆக மொத்தம் பத்து.

பக்கத்துத் தெருவில் பெரியப்பா வீடு இருக்கிறது. பெரியப்பா, பெரியம்மா, இரண்டு அண்ணன்கள், உலகு. சரியாக ஐந்து. யாரும் அதைச் சொல்லவில்லை. மாமா கூரையைப் பார்த்தார், அம்மா அரிசியைப் பார்த்தாள், அப்பா தாளை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 26, சனி

அப்பாவின் சட்டையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் படித்தேன். எழுத்துப்பிழை ஏழு. திருத்தவில்லை. நான் இப்போதெல்லாம் எதையும் திருத்துவதில்லை.

இருப்பதிலேயே பெரிய விளையாட்டின் பெயர் எரிமலை. ஒரு சின்ன வண்டியில் இரண்டு பேர் அருகருகே உட்கார வேண்டும். அது இருட்டுக்குள் ஏறி, நாற்பதடி உயரத்திலிருந்து தண்ணீரில் விழும். இரண்டு விதிகள்: தனியாக ஏற அனுமதி இல்லை, நூற்று நாற்பது சென்டிமீட்டருக்குக் குறைந்தவர்களுக்கும் அனுமதி இல்லை.

உயரத்தை உடனே அளந்தேன். வீட்டில் டேப் இல்லாததால் ஜியோமெட்ரி பெட்டியின் பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேலைச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கோடு போட்டேன். நூற்று நாற்பதரை. ஆகவே அது பிரச்சினை இல்லை.

ஜோடிதான் பிரச்சினை. அம்மாவுக்கு ஊஞ்சலிலேயே தலை சுற்றும். அக்கா தன் வீட்டுக்காரரோடுதான் உட்காருவாள். மாமா பையன்கள் இரட்டையர்கள், ஒருவனைப் பிரித்தால் இன்னொருவன் அழுவான். என் எடைக்கும் உயரத்துக்கும் பொருத்தமாக ஒருத்தி இருந்தால் வண்டி சமநிலையில் இருக்கும். இது முழுக்க அறிவியல். இதற்கும் உலகுக்கும் சம்பந்தமில்லை.

உலகு என்பது உலகம்மாள். பெரியப்பா மகள், என் வகுப்பு. முன்பு என் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆவணியிலிருந்து ஜன்னல் ஓரத்துக்குப் போய்விட்டாள். அவள் இடத்தில் என் பையை வைத்துக்கொள்கிறேன். பைக்கு வசதியாக இருக்கிறது.

இனி இந்த டைரியில் அவளைப் பற்றி எழுதப்போவதில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

மீதி ஐந்து பேருக்கு ஆள் தேடும் படலம்.

அம்மா, எதிர்வீட்டு டெய்லர் குடும்பத்தைச் சொன்னாள். அப்பா மறுத்தார். அந்த டெய்லர் தைத்த சட்டையில் அவர் மூன்று தீபாவளி மூச்சு முட்டியவர். அப்பா தன் அலுவலக நண்பர்களைச் சொன்னார். "ஆபீஸ்ல நீங்க பேசுதத இங்கயும் கேக்கணுமா?" என்று அம்மா கேட்டாள். மாமா, தன் கடையில் ரிப்பேருக்கு வந்திருக்கும் மோட்டார் சொந்தக்காரர்களில் ஐந்து பேரைப் பிடிக்கலாம், அவர்கள் எப்படியும் குளிக்க வழியில்லாமல்தான் இருக்கிறார்கள் என்றார்.

கடைசியில் அம்மாதான் சொன்னாள்.

"அண்ணன் தம்பி பேசிக்கிட்டா அஞ்சு பேரு ஆச்சு. பக்கத்துத் தெரு. வண்டிச் செலவுகூட இல்ல."

"அவரு பேச மாட்டாரு" என்றார் அப்பா.

"நீங்க பேசுங்களேன்."

"நான் எதுக்குப் பேசணும்? தப்புப் பண்ணினவன் இந்தா உக்காந்திருக்கான். தட்டுல நாலு அப்பளத்தோட."

மாமா ஐந்தாவது அப்பளத்தை எடுத்துக்கொண்டார்.

பின்னால் இதை வாசிப்பவர்களுக்காக நடந்ததை எழுதி வைக்கிறேன். போன ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம். பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று ஒன்பது பேரைப் போட ஏற்பாடு. அப்பாவின் கூடப்பிறந்த ஒரே அண்ணன் என்பதால் பெரியப்பா பெயர்தான் முதலில் வரவேண்டும். அடித்து வந்த பத்திரிகையில் எட்டுப் பேர்தான் இருந்தார்கள். பெரியப்பா இல்லை. மாமா இருந்தார். அப்பாவும் அம்மாவும் தாம்பாளத்தோடு முதல் பத்திரிகையைப் பெரியப்பாவுக்குத்தான் கொண்டுபோனார்கள். அவர் கடைசி எழுத்துவரை வாசித்துவிட்டு, பத்திரிகையைத் திரும்பத் தாம்பாளத்திலேயே வைத்தாராம். "மச்சினன் பேரு இருக்கு. போதும்" என்றாராம். கல்யாணத்துக்கு அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

அச்சகத்துக்குப் பட்டியலை எடுத்துப்போனது மாமா. ஆகவே அவர்தான் வேண்டுமென்றே பெரியப்பாவை எடுத்துவிட்டார் என்பது அப்பாவின் தீர்ப்பு. எட்டு மாதமாக வாரம் ஒருமுறை வாசிக்கிறார். மாமா மேல்முறையீடு செய்வதே இல்லை.

நான் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். மாம்பழம் அதிகம் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

நூலகத்துக்குப் போனேன். ஜமீன்தார் கொலையான நாவலின் முதல் பாகத்தை முடித்துவிட்டேன். ஒன்பது பேர்மேல் சந்தேகம் வைத்து நடுவாக்கியத்தில் நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் பாகம் அலமாரியில் இல்லை. பதினைந்து நாளாக ஒருவரிடம் இருக்கிறதாம்.

"யார் சார் எடுத்தது?"

நூலகர் பேரேட்டைப் பார்த்தார். "சொ. உலகம்மாள். அந்தப் பிள்ளையும் உன்னய மாதிரிதான். முதல் பாகம் எப்ப வரும்னு தினமும் வந்து கேக்கு."

முடிவு தெரிந்தும் ஆரம்பம் தெரியாமல் ஒருத்தி பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். முன்பெல்லாம் ஒரே புத்தகத்தை இருவரும் சேர்ந்து வாசிப்போம். அவள் மெதுவாக வாசிப்பாள், நான் பக்கத்தைத் திருப்பாமல் காத்திருப்பேன். எரிச்சலாக இருக்கும். இப்போது வேகமாகத் திருப்ப முடிகிறது.

முதல் பாகத்தைத் திருப்பிக் கொடுக்காமல் புதுப்பித்துக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை.

மே 1, வியாழன்

மாமாவின் வழி தனி வழி. "மொதல்ல பேரப் பதிஞ்சு வப்போம், ஆளு பொறவு வரும்" என்று என்னை பிரௌசிங் சென்டருக்குக் கூட்டிப்போனார். அங்கே வேலை பார்க்கும் அக்கா கம்ப்யூட்டரில் படிவத்தைத் திறந்தாள். பதினைந்து பெயர்களை நான் சொல்லச் சொல்ல அடித்தாள். மே 17, சனிக்கிழமை.

பதினைந்தாவது பெயர் அடித்ததும் திரையில் சிவப்பாக ஒரு பெட்டி எழுந்தது.

"ஒரே பேரு ரெண்டு தடவ வந்திருக்குன்னு சொல்லுது. ப. சொரிமுத்து, ப. சொரிமுத்து. ஒண்ண எடுத்துரட்டுமா?"

மாமா என்னைப் பார்த்தார். "இவகிட்டயே கேளுங்க" என்றார்.

"எடுக்காதீங்க" என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஆதார் அட்டையோடு வந்திருந்த ஒரு தாத்தா திரும்பிப் பார்த்தார். "அவங்க ரெண்டு பேரு. வேற வேற ஆளு."

கடைசியில் ஒருவரைப் பெரிய சொரிமுத்து என்றும் இன்னொருவரைச் சின்ன சொரிமுத்து என்றும் அடித்த பிறகுதான் கம்ப்யூட்டர் சமாதானம் ஆனது. வரும் வழியில் மாமா எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதனால் ரோஸ் மில்க் இறங்கவில்லை.

எழுதிவிடுகிறேன். இந்த டைரியை அம்மா திறக்க மாட்டாள். மின்வாரியம் என்று அட்டையில் போட்டிருக்கிறது.

பெரியப்பாவின் அப்பா பரமசிவன். மாமாவின் அப்பா பால்வண்ணம். இரண்டு வீட்டிலும் சொரிமுத்து அய்யனாருக்கு நேர்ந்து பெயர் வைத்திருக்கிறார்கள். ஆகவே இருவருமே ப. சொரிமுத்து. ஆனால் சாமி பெயரை வைத்த பிள்ளையை அந்தப் பெயரைச் சொல்லித் திட்டக்கூடாது என்று எங்கள் பக்கம் ஒரு வழக்கம். திட்டுவதற்கென்று தனியாக வீட்டுப்பெயர் ஒன்று வைப்பார்கள். மாமாவுக்கு வைத்த பெயர் துரை. சின்ன வயதில் அவரைத் திட்ட வேண்டிய அவசியம் நிறைய இருந்ததால் ஊர் முழுக்க அவர் துரைதான். கடைப் பலகையிலும் துரை. அவருக்கு இன்னொரு பெயர் இருப்பது பத்திரிகை அடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அச்சகத்திலிருந்து வந்த ப்ரூஃபை மாமா என்னிடம்தான் கொடுத்தார். "நம்ம வீட்டுலயே நீதான் படிச்சவ, பிழை பாத்துக் குடு" என்றார். சிவப்புப் பேனாவால் பதினோரு பிழை பிடித்தேன். பன்னிரண்டாவதாக, மேல் வரிசையின் தொடக்கத்தில் ஒரு ப. சொரிமுத்து, கீழ் வரிசையின் கடைசியில் ஒரு ப. சொரிமுத்து. பெரியப்பாவை இரண்டு தடவை போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். மேலே ஐந்து பெயர், கீழே நான்கு. மேலே ஒன்றை எடுத்தால் இரண்டு வரிசையும் சமமாகி அழகாக இருக்கும். எடுத்தேன். பெரியப்பா கடைசிக்குப் போகிறாரே என்று தோன்றத்தான் செய்தது. நாடகத்தில் ராஜா கடைசியில்தான் வருவார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாமா பெயரைக் காணோமே என்றும் பார்த்தேன். அடக்கத்தால் விட்டிருப்பார் என்று நினைத்தேன். நாலு அப்பளம் சாப்பிடுகிறவருக்கு அடக்கம் ஏது என்று அப்போது யோசித்திருக்க வேண்டும்.

கடைசி இடம் தாய்மாமனுக்கு என்பது என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அறுநூறு பிரதி அடித்தார்கள். மற்றபடி ஒரு பிழைகூட இல்லை.

மே 2, வெள்ளி

குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. சாப்பிடவில்லை. மாம்பழத்தின்மேல் பழி போட்டேன்.

மே 4, ஞாயிறு

அப்பா இன்று மறுபடி தீர்ப்பை வாசித்தார். இந்தமுறை ஒரு திருத்தத்தோடு: "வேனும் வேண்டாம், தனி வாசலும் வேண்டாம். செவ்வாய்க்கிழமைக்குள்ள அஞ்சு பேரு கிடைக்கலன்னா கேன்சல் பண்ணிரு. ஒரு பத்திரிகையவே ஒழுங்கா அடிக்கத் தெரியாதவன நம்பி மலையத் தாண்டிப் போகவா?"

மாமா சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினார். ஆனால் வலதை இடதில் மாட்டினார்.

பின்னாலேயே கடைக்குப் போனேன். ஞாயிறு என்பதால் பாதிக் கதவுதான் திறந்திருந்தது. அவர் ஒரு மோட்டாரைப் பிரித்து வைத்து, செம்புக்கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்த ப்ரூஃப் எங்க?"

"எந்த ப்ரூஃப்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, விஸ்வகர்மா பூஜைப் படத்துக்குப் பின்னாலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துப் போட்டார். என் சிவப்புப் பேனா அதில் மிக நேர்த்தியாக இருந்தது. ஸ்கேல் வைத்து அடித்திருக்கிறேன்.

"எப்பத் தெரியும்?"

"கல்யாணத்துக்கு முந்தின வாரமே. அச்சகத்துக்காரன்ட்ட சண்டைக்குப் போனேன். அவன் இத எடுத்துக் காட்டிட்டான்."

"ஏன் மாமா சொல்லல?"

"யாருட்ட? உங்கப்பன்ட்டயா? கல்யாண வீட்டுல ஒன்னய அடிச்சிருப்பாரு, போட்டோ எல்லாத்துலயும் நீ மூக்க வடிச்சுக்கிட்டு நிப்ப. அது நல்லாவா இருக்கும்?"

"எட்டு மாசமா அப்பா உங்களத் திட்டுதாவ."

"ஏட்டி, நான் அவரு மச்சினன். இது இல்லன்னா வேற ஒண்ணச் சொல்லித் திட்டுவாரு. அதுக்கு முன்னாடி பத்து வருசம் ஒரு மிக்சியச் சொல்லித் திட்டினாரு." கம்பியில் எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து சுற்றத் தொடங்கினார். "ஒன்னு மட்டும் கஷ்டமா இருக்கு. பெரியவரு ரோட்டுல என்னயப் பாத்தா முன்னாடி 'வாரும் மாப்ள, ஒரே பேருக்காரரே'ம்பாரு. இப்ப அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதாரு."

நான் அழவில்லை. கடையில் வார்னிஷ் நெடி அதிகம்.

மே 5, திங்கள்

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் எதையும் வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அச்சடித்துத் தாம்பாளத்தில் வைத்தால்தான் மதிப்பு. பெரியப்பாவை ஒரு பத்திரிகை வெளியே தள்ளியது, ஆகவே இன்னொரு பத்திரிகைதான் உள்ளே கொண்டுவர வேண்டும். பிரௌசிங் சென்டர் அக்காவிடம் ஒரே ஒரு பிரதி எடுத்தேன், மஞ்சள் தாளில். இங்கே படி எடுத்து வைக்கிறேன்:

*சொரிமுத்து அய்யனார் துணை*

*அன்புடையீர்,*

*நிகழும் விசுவாவசு வருடம் வைகாசி மாதம் 3ஆம் நாள் சனிக்கிழமை காலை பத்து மணிக்குமேல், கொல்லம் அருகில் பம்பரா வேர்ல்டில், எங்கள் குடும்பத்தார் அனைவரும் உயரத்திலிருந்து தண்ணீரில் விழுவதாகப் பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டிருப்பதால், தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ முன்னதாகவே வந்திருந்து எங்களுடன் விழுந்து சிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.*

*தங்கள் நல்வரவை விரும்பும்*
*ப. சொரிமுத்து (பெரியப்பா)*
*ப. தங்கவேல் (அப்பா)*
*ப. சொரிமுத்து என்ற துரை (மாமா)*

*பிழை திருத்தம்: த. கோமதி. அக்கா கல்யாணப் பத்திரிகைக்கும் பிழை திருத்தியவள் இவளே. ஒரு சொரிமுத்து போதும் என்று ஸ்கேல் வைத்து அடித்தவளும் இவளே. அப்பாவுக்கும் மாமாவுக்கும் இதில் சம்பந்தமில்லை.*

மேலே இரண்டு, கீழே ஒன்று என்று போட்டால் சமமாக இல்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

மே 6, செவ்வாய்

மாமா பைக்கில் கொண்டுபோய்த் தெருமுனையில் இறக்கிவிட்டார். "என் மூஞ்சியப் பாத்தா பெரியவரு கதவ அடைச்சிருவாரு" என்று பால் பூத் பின்னால் நின்றுகொண்டார். தாம்பாளத்தில் குங்குமம், வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழம், பத்திரிகை, அதற்கடியில் பழைய ப்ரூஃப். சாட்சியம் இல்லாமல் போகக்கூடாது.

கதவைத் திறந்தது உலகு. என்னையும் பார்த்தாள், தாம்பாளத்தையும் பார்த்தாள்.

"யாருக்குக் கல்யாணம்?"

"யாருக்குமில்ல. பெரியப்பா இருக்காகளா?"

பெரியப்பா சட்டையில்லாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தாம்பாளத்தைக் கண்டதும் எழுந்துபோய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பத்திரிகை என்றால் எங்கள் வீட்டில் அப்படித்தான். பெரியம்மாவைக் கூப்பிட்டார். இருவரும் நின்று வாங்கிக்கொண்டார்கள். நான் காலில் விழுந்தேன், எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதம் செய்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் முதல் எழுத்திலிருந்து வாசித்தார். அவர் எப்போதும் அப்படித்தான் வாசிப்பார். அச்சகத்தின் முகவரிவரை வாசிப்பார். அதனால்தான் எல்லாம் வந்தது.

"எனக்கு வந்த பத்திரிகையில, என்னய வரச் சொல்லி நானே விரும்புதேனா?"

"மொதல்ல உங்க பேருதான பெரியப்பா வரணும்."

அவர் கடைசி வரிகளுக்கு வந்தார். இரண்டு தடவை வாசித்தார். பிறகு ப்ரூஃபைப் பிரித்தார். உலகு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கோடு என்னமா நேராப் போட்டிருக்கா" என்றாள்.

"ஏன் என் பேர எடுத்த?"

"ரெண்டு தடவ வந்திருக்குன்னு நெனச்சேன். மாமாவுக்கும் அதே பேருன்னு தெரியாது. மேல அஞ்சு, கீழ நாலு இருந்துச்சு."

"அதனால?"

"ஒண்ண எடுத்தா அழகா இருக்கும்னு."

"அப்ப நான் இல்லன்னாத்தான் பத்திரிகை அழகா இருந்துச்சு."

"ஆமா பெரியப்பா" என்றேன். பொய் சொல்ல அது நேரமில்லை.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். பெரியம்மா அடுக்களைக்குப் போகத் திரும்பியவள், "சிரிக்கிறத சத்தமாத்தான் சிரிங்களேன், பிள்ள பயப்படுது" என்றாள்.

துடைத்து முடித்துவிட்டு மறுபடி பத்திரிகையை எடுத்தார். முகம் கண்டிப்பாகிவிட்டது.

"பக்கத்துல குத்தாலத்த வச்சுக்கிட்டு, மலையத் தாண்டிப் போயி குழாத் தண்ணில குளிக்கப் போறியளாக்கும்."

"ஆமா பெரியப்பா."

"சனிக்கிழமை ஒம்பதுல இருந்து பத்தர ராகு காலம். பத்து மணிக்குன்னு போட்டிருக்க. எந்தப் பஞ்சாங்கத்தப் பாத்த?"

பேனாவை எடுத்துப் பத்து மணி என்பதை அடித்துப் பத்தரை என்று எழுதினார். என் பத்திரிகையில் ஒரு பிழை. பத்திரிகையைத் தாம்பாளத்தில் திரும்ப வைக்கவில்லை. நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது உலகு பின்னாலேயே வந்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு என்ன சொல்வாள் என்று பார்த்தேன்.

"ஜமீன்தாருக்கு எத்தன பொண்டாட்டி?"

"மூணு. முதல் பாகத்துல எல்லாம் வருது."

"அதான பாத்தேன். எனக்கு ஒண்ணுமே விளங்கல" என்றாள்.

மே 7, புதன்

நேற்று ராத்திரியே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். பெரியப்பா முந்திக்கொண்டார். காலை ஏழு மணிக்கு வந்து எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டு மாதமாக அந்த நாற்காலியில் துவைத்த துணிகள்தான் உட்கார்ந்திருந்தன.

"ஏலே தங்கவேலு. நான் எடுக்கலண்ணேன்னு ஒரு வார்த்த ஏம்ல சொல்லல?"

"நீங்க கேக்கலயே" என்றார் அப்பா.

"நீ எடுக்கலன்னு ஒனக்காவது தெரியுமா?"

அப்பா கீழே கிடந்த துணியை மடித்தார். "நான் பத்திரிகைய வாசிக்கவே இல்லண்ணே. சாமி பேரப் பாத்தேன், என் பேரப் பாத்தேன். பாப்பா பாத்துட்டாள்லன்னு விட்டுட்டேன்."

அம்மா காப்பியை இருவர் நடுவில் வைத்தாள். "உங்க ரெண்டு பேத்து வீம்புக்கும் பதினஞ்சு பேரு வாசல் பத்தாது. லாரி போற வாசல் வேணும்" என்றாள்.

எனக்குத் தண்டனை: ஒரு மாதத்துக்கு எதையும் திருத்தக்கூடாது. அப்பா மாமாவுக்குப் போன் செய்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "அந்த மிக்சி விஷயம் அப்படியேதான் இருக்கு, அத மறந்துராத" என்று மட்டும் சொன்னார். மாமா சாயங்காலம் ஒரு கிலோ அல்வாவோடு வந்தார்.

மே 15, வியாழன்

பார்க்குக்குள் வெளிச்சாப்பாடு கொண்டுபோகக் கூடாது என்று பார்க்கிலிருந்து அறிவிப்பு வந்தது. அம்மாவும் பெரியம்மாவும் கூடி ஆலோசித்து, நாற்பது பொட்டலம் புளியோதரை செய்வது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். வாசலுக்கு வெளியே வேனிலேயே சாப்பிட்டுவிட்டு உள்ளே போவதாம். மீதியை மாற்றுத் துணிக்குள் சுருட்டுவதாம். அறிவிப்பில் எழுத்துப்பிழை இருந்தது. சொல்லவில்லை.

மே 18, ஞாயிறு

நேற்றைய விவரம். விரலில் இன்னும் புளியோதரை வாசம் இருக்கிறது.

விடியும் முன்பே கிளம்பிச் செங்கோட்டை வழியாக மலை ஏறி இறங்கினோம். மாமா பையன்கள் இருவரும் ஒரே வளைவில் ஒரே நேரத்தில் வாந்தி எடுத்தார்கள். ஒன்பதே முக்காலுக்குப் பம்பரா வேர்ல்டு வந்துவிட்டது. தனி வாசல் திறந்திருந்தது. ஒரு ஆள்கூட இல்லை. அப்பா இறங்கப் போனார்.

"பத்தரைக்கு மேலதான்" என்றார் பெரியப்பா.

ஆகவே நாங்கள் வேனுக்குள்ளேயே முக்கால் மணி நேரம் புழுங்கிக்கொண்டிருந்தோம். சாதாரண வரிசையில் நின்ற அத்தனை பேரும் எங்கள் கண்ணெதிரே உள்ளே போனார்கள். "இது வரிசையில்ல, உக்காந்துதான இருக்கோம்" என்று அப்பா இரண்டு தடவை சொன்னார்.

பத்து முப்பத்தொன்றுக்கு வாசலில் நின்றோம். காவலர் பட்டியலைப் பார்த்து மலையாள வாடையோடு, "சொரிமுத்து" என்று கூப்பிட்டார். பெரியப்பாவும் மாமாவும் ஒரே நேரத்தில் முன்னால் வந்தார்கள்.

"எந்தா, ரெண்டு பேரா?"

பெரியப்பா மாமாவின் தோளில் கையைப் போட்டார். "ரெண்டு பேருதான். ஒண்ண எடுத்துராதீரும்" என்றார். மாமா எங்கேயோ பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். வாசலில் வார்னிஷ் நெடி எதுவும் இல்லை.

எரிமலைக்கு நானும் உலகும்தான் முதலில் ஓடினோம். அங்கே சுவரில் ஒரு மரக் குரங்கு கையை நீட்டிக்கொண்டு நின்றது. அதன் கைக்குக் கீழே தலை போனால் அனுமதி இல்லை. உலகின் தலை இடித்தது. என் தலை இடிக்கவில்லை. நான் குதிகாலைத் தூக்கினேன். பணியிலிருந்த பெண் குனிந்து என் காலைப் பார்த்தாள். நூற்று முப்பத்தெட்டு என்றாள்.

ஸ்கேலை ஒவ்வொரு தடவையும் முந்தின கோட்டுக்குக் கொஞ்சம் கீழேயே வைத்திருப்பேன் போலிருக்கிறது. ஒன்பது தடவை அடுக்கியதில் ஒன்பது கோட்டின் தடிமன் என் உயரத்தில் கூடியிருக்கும். மீதிக் கணக்கு எனக்கு வேண்டாம்.

"நீ போ. உங்க அண்ணனக் கூப்பிடு" என்றேன்.

உலகு எரிமலையை அண்ணாந்து பார்த்தாள். மேலே யாரோ அலறிக்கொண்டு விழுந்தார்கள். "எனக்கு இதெல்லாம் பயம்" என்றாள். குற்றாலத்தில் பாறையிலிருந்து தலைகீழாகக் குதிப்பவள்.

அதற்குப் பிறகு எரிமலைக்கு எதிரே ஒரு சிமெண்டு காளான் குடைக்குக் கீழே பதின்மூன்று பேரின் பை, செருப்பு, கண்ணாடி, கைப்பேசி எல்லாவற்றுக்கும் காவல் இருந்தோம். அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வண்டியில் ஏறியதைப் பார்த்தோம். விழும்போது யார் முதலில் அலறியது என்று வேனில் ஊர் வரும்வரை சண்டை போட்டார்கள். துண்டுக்குள்ளிருந்து ஒரு புளியோதரைப் பொட்டலத்தை உலகு எடுத்தாள். என் பையிலிருந்து முதல் பாகத்தையும் அவள் பையிலிருந்து இரண்டாம் பாகத்தையும் எடுத்துக்கொண்டோம். அவள் முதலிலிருந்து வாசித்தாள், நான் விட்ட இடத்திலிருந்து.

எரிமலையில் ஏற முடியாததில் எனக்குப் பெரிய வருத்தம் என்று பதிவு செய்கிறேன்.

நான் நாற்பதாம் பக்கத்தில் இருந்தபோது, தலையைத் தூக்காமலேயே உலகு கொலைகாரன் யார் என்று சொல்லிவிட்டாள். எட்டு மாதத்துக்கான தண்டனையாம். நான் முன்பு போலவே என் பக்கத்தைத் திருப்பாமல், அவள் தன் பக்கத்தை மெதுவாக வாசித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.